முகம் தெரியாதவர்களின் பெட்டி

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களிடம் வந்து கொஞ்ச நேரம் பேசச் சொன்னார்கள். எனக்குப் பேச்சு வராது. எதிரே நாலு பேர் உட்கார்ந்தால் சொல்ல வந்ததை விட்டுவிட்டு, சாப்பிட்டீர்களா, எந்த ஊர், எந்த பஸ்ஸில் வருகிறீர்கள் என்று கேட்டுக்கொண்டிருப்பேன். அதனால் எழுதித் தருகிறேன். எந்தப் பொத்தானை எப்போது அழுத்துவது என்பதெல்லாம் இதில் இருக்காது. அது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நான் சொல்ல நினைப்பது ஒரு கணவன் மனைவியைப் பற்றியும், அவர்கள் இருவரும் சேர்ந்து வைத்திருந்த ஒரே ஒரு மெயில் முகவரியைப் பற்றியும்.

அதற்கு முன்னால் நம் ஊரைப் பற்றி ஒன்று. வேறு ஊர் மெயிலுக்கு இல்லாத ஒரு கஷ்டம் ஆரணி மெயிலுக்கு உண்டு. இங்கே நேர்மையாகப் பட்டுத் தொழில் செய்கிறவர் எழுதும் மெயில்தான் பார்ப்பதற்கு அச்சு அசலாக மோசடி மெயில் மாதிரி இருக்கும். நூறு சதவீதம் பியூர். தங்க ஜரிகை. கடைசி மூன்று பீஸ். இன்றைக்கு மட்டும் இந்த விலை. கூடவே கனமான படங்கள் ஒரு கட்டு. போதாததற்கு, சேலையின் நடுப்பகுதியை இங்கே எல்லோரும் 'பாடி' என்பார்கள். ப்ளைன் பாடி, சாஃப்ட் பாடி, பாடி முழுக்க புட்டா, அதாவது சின்னப் பூ, என்றுதான் பேச்சும் எழுத்தும்.

ஊர்க் கடைகளுக்கு மெயில் நடத்தித் தரும் நம் நிறுவனம் முதன்முதலாக ஒரு ஸ்பாம் ஃபில்டரை, அதாவது குப்பை மெயிலைப் பிரிக்கும் மிஷினை, வாங்கிப் போட்டபோது இதையெல்லாம் அந்த ஃபில்டருக்கு யாரும் சொல்லவில்லை. மறுநாள் கடை திறக்கும் நேரத்துக்கு அலுவலகத்தில் இருந்த எல்லா ஃபோனும் அடிக்க ஆரம்பித்தன. பட்டு வியாபாரிகளின் மெயிலில் பெரும்பகுதி குப்பைக்குப் போயிருந்தது. 'சாஃப்ட் பாடி, பிரைடல்' என்று எழுதிய ஒரு பெரியவரை ஆபாசக் கணக்கில் சேர்த்து வைத்திருந்தது ஃபில்டர். நெற்றி நிறைய விபூதியோடு அவர் நேரில் வந்துவிட்டார்.

"ஏம்மா, நான் அப்டி இன்னா அசிங்கமா எழுதிட்டேன்?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பை அடக்குவதற்கே சரியாக இருந்தது.

அதே காலையில் ஒரு மெயிலை மட்டும் ஃபில்டர் பத்திரமாக உள்ளே விட்டிருந்தது. 'வணக்கம். தங்கள் மேலான பார்வைக்கு ரசீது இணைக்கப்பட்டுள்ளது. நன்றி.' அவ்வளவுதான். ஒரு பிழை இல்லை, ஒரு அவசரம் இல்லை. அதுதான் பொறி. அதை வாங்கிய கடைக்காரர் திறப்பதற்கு முன்னால் எங்களுக்கு ஃபோன் செய்ததால் பிழைத்தார். எப்படிச் சந்தேகம் வந்தது என்று கேட்டதற்கு, "நம்ம ஊர்ல எவன் எனக்கு இவ்ளோ மரியாதையா எழுதுவான்?" என்றார்.

அப்போது எனக்கு மேலே ஒருவர் இருந்தார். தன் பெயரை எழுதக் கூடாது என்று சொல்லியிருக்கிறார், அதனால் எழுதவில்லை. அன்று சாயங்காலம் எல்லோரையும் கூப்பிட்டு, "மிஷின் ஊர் மொத்தத்தையும் ஸ்பாம்னு சொல்லிட்டுது. அதை அப்டியே நம்பினா நாம கடையை மூடிகினு போக வேண்டியதுதான். போய் ஒவ்வொருத்தரையும் கேளுங்க, அவங்களுக்கு எது வேணும், எது வேணாம்னு," என்றார். பட்டு வியாபாரிகளில் பாதிப் பேர் என் பங்குக்கு வந்தார்கள். அப்படித்தான் தணிகாசலம் அண்ணனும் கஸ்தூரி அக்காவும் எனக்குப் பழக்கமானார்கள்.

கணவனும் மனைவியுமாகச் சேர்ந்துதான் பட்டுத் தொழிலை நடத்தினார்கள். நூல், ஜரிகை, கணக்கு எல்லாம் அவர். டிசைன், நிறம், வாங்க வருகிறவர்களோடு பேச்சு எல்லாம் அக்கா. மெயில் மட்டும் கடை பெயரில் ஒன்றே ஒன்று. எங்கள் அலுவலகத்துக்கு வந்து, என் மேஜைக்கு முன்னால் இரண்டு நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள்.

"தெரிஞ்சவங்க மெயிலு மட்டும் வந்தா போதும்மா," என்றார் தணிகாசலம் அண்ணன். "ஜரிகை குடுக்கறவரு, சாயம் போடறவரு, ரெகுலரா எடுக்கற கடைக்காரங்க, அப்பறம் போளூர்ல என் மச்சான், இவ தம்பி. அவ்ளோதான். மத்தவனுக்கெல்லாம் கதவை சாத்திடு. தெனம் ஒரு பேஜார் வந்துகினே கீது."

"தெரிஞ்சவங்களே எத்தினி நாளைக்கு வாங்குவாங்க?" என்றார் கஸ்தூரி அக்கா. "புதுசா வர்றவங்க எல்லாரும் மொதல்ல தெரியாதவங்கதானே? இவரே எங்க வூட்டுக்குப் பொண்ணு பாக்க வந்தப்ப தெரியாதவருதான்."

"அது வேற."

"இன்னா வேற? எங்கப்பா கதவை சாத்தியிருந்தா?"

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் கம்ப்யூட்டரைப் பார்த்தேன். சிரித்தால் யார் பக்கம் என்று முடிவாகிவிடும்.

அவருக்கு இன்னொரு கோரிக்கையும் இருந்தது. அதில் நியாயமும் இருந்தது. முந்தைய வாரம் சாயக்காரர் அனுப்பிய நிறப் படத்தை ஃபில்டர் பிடித்து வைத்துக்கொண்டதால், சாயப் பட்டறையில் அரை நாள் வேலை நின்றிருந்தது. "என் ஆளுங்க மெயிலை உங்க மிஷினு தொடவே கூடாது," என்றார்.

"குப்பையான்னு பாக்காம விட்டுடறேன்ணா," என்றேன். "வெஷம் இருக்கான்னு மட்டும் பாக்கத்தான் செய்வேன்."

"என் மச்சான் அனுப்பறதுல இன்னா வெஷம்?"

"உங்க மச்சானை நான் சந்தேகப்படல. அவரு பேரைப் போட்டுகினு வேற யாராவது வந்தா?"

"போளூர்ல அந்தப் பேர்ல அவன் ஒருத்தன்தான் கீறான்."

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். வாடிக்கையாளர் கேட்கிறார், நாம் கொடுக்க வேண்டும். எத்தனை மெயில் வர வேண்டும், எது கண்ணில் பட வேண்டும், எது படக் கூடாது, இதெல்லாம் அவர் இஷ்டம். அன்றாடம் அதோடு மல்லுக்கட்டுகிறவர் அவர்தான். ஆனால் அவர் கணக்கை ஒருவன் பிடித்துக்கொண்டால், அந்தக் கடை பெயரில் நெசவாளி வீட்டுக்கும் வெளியூர் கடைக்கும் சொந்தக்காரர்களுக்கும் மெயில் கிளம்பும். தொந்தரவு அவர் ஒருவருடையது, ஆபத்து எல்லோருடையது. தொந்தரவைப் பற்றி அவர் முடிவு செய்யட்டும். ஆபத்தைப் பற்றி நான் விட்டுக்கொடுக்கவில்லை. அண்ணன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, வேறு கம்பெனியைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினார்.

அக்கா மட்டும் உட்கார்ந்திருந்தார். "அவரு கெடக்கறாரு. எனக்கு முகம் தெரியாதவங்க மெயிலை எப்டியாவது காட்டு," என்றார்.

அவருக்காக ஒரு தனிப் பெட்டி செய்தேன். அறிமுகமில்லாதவர்கள் எழுதுவது எல்லாம் அதில் போய் விழும். ஆனால் வெறும் எழுத்து மட்டும்தான் தெரியும். படம் இருக்காது, லிங்க் இருக்காது, இணைத்து அனுப்பியதைத் திறக்க முடியாது. ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்ப்பது போல, பார்க்கலாம், யாரும் உள்ளே வர முடியாது. அக்காவுக்கு அது பிடித்துப் போய்விட்டது. காலையில் கடை திறந்ததும் டீயோடு உட்கார்ந்து படிப்பாராம். தங்கச் சுரங்கத்துக்காரர், லாட்டரி விழுந்த செய்தி, புருஷன் செத்துப்போன பணக்காரி என்று ஒன்று விடாமல் படித்து, கடைப் பெண்களுக்குக் கதையும் சொல்வாராம். "டிவியை விட இது நல்லா கீது," என்று ஒரு நாள் ஃபோனில் சொன்னார். அண்ணன் வேறு கம்பெனிக்குப் போகவும் இல்லை.

கொஞ்ச மாதம் கழித்து, ஒரு மத்தியான நேரம், இரண்டு பேரும் திரும்ப என் மேஜைக்கு வந்தார்கள். அக்காவின் கையில் ஃபோன்.

"இதைக் கேளு," என்று படித்தார்.

'வணக்கம் பட்டு. நான் திருமணம் ஆகிக்கொண்டிருக்கிறேன். இணையத்தில் உங்கள் உடலைப் பார்த்தேன். உங்கள் உடல் மிகவும் அழகு. எனக்கு அதே உடல் வேண்டும், ஆனால் விளிம்பு வேறு. இது அவசரம். பெட்டியைத் திறந்து பார்க்கவும். திறக்கும் சொல் கீழே.'

தணிகாசலம் அண்ணன் கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தார். "இன்னாம்மா இது, உடம்பு கிடம்புன்னு எழுதிகினு. இதைப் போயி இவ சத்தமா வேற படிக்கறா."

"பாடியைத்தான் உடல்னு எழுதிகீறா," என்றார் அக்கா. "மிஷினு மொழிபெயர்த்ததும்மா. நம்ம சைட்ல கீற படத்தைப் பாத்துட்டு, பாடி அதே மாதிரி வேணும், பார்டரு வேற மாதிரி வேணும்னு கேக்கறா."

எழுதியவள் பெயர் நதாலி. இந்தியப் பெருங்கடலில் இருக்கும் ரீயூனியன் தீவு. அங்கே இருப்பவர்களில் பலருடைய முன்னோர் நம் பக்கத்திலிருந்து கப்பலேறிப் போனவர்கள், இப்போது பேசுவது பிரெஞ்சு, கல்யாணம் மட்டும் கோயிலில் வைத்து நம் முறைப்படி என்று மெயிலின் கீழே எழுதியிருந்தாள். முக்கால்வாசி நானும் நம்பினேன். மிச்சம் கால்வாசிதான் நம் தொழில்.

ஏனென்றால் அவள் அனுப்பிய இணைப்பு பூட்டப்பட்டிருந்தது. பூட்டிய பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று எந்த ஃபில்டராலும் பார்க்க முடியாது. திறக்கும் சொல்லையும் அதே மெயிலில் எழுதியிருந்தாள். பூட்டையும் சாவியையும் சேர்த்துக் கொடுக்கிறவர் எதற்காகப் பூட்டுகிறார்? நம் கண்ணிலிருந்து மறைப்பதற்காகத்தான். மோசடிக்காரர்கள் வழக்கமாகச் செய்கிற வேலை அது. அதோடு அவசரம் என்று வேறு எழுதியிருந்தாள்.

"சாவியே குடுத்துட்டாளே, தொறந்து பாரேன்," என்றார் அக்கா. "கல்யாணம் கிட்ட வந்துடுச்சு. இந்த வாரம் பாவு நூலு பூட்டலைன்னா தறி வேற வேலைக்குப் போயிடும். அப்பறம் முடியாதுன்னுதான் எழுதணும்."

"முடியாதுன்னே எழுதிடு," என்றார் அண்ணன். "ஊர் பேர் தெரியாதவ. நாளைக்குக் கடை கம்ப்யூட்டரு படுத்துகிச்சுன்னா யாரு பாக்கறது?"

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பினார்கள்.

உங்களுக்கும் இந்த நிமிஷம் வரும். எதிரே இருப்பவர்கள் இருவரும் நல்லவர்கள், இருவர் சொல்வதும் சரி, நேரம் இல்லை. என் மேலதிகாரி இப்படிப்பட்ட நேரத்தில் இரண்டு கேள்வி கேட்பார். தப்பாகத் தடுத்துவிட்டால் யாரிடம் போய் என்ன சொல்ல வேண்டியிருக்கும்? தப்பாக விட்டுவிட்டால் யாரிடம் போய் என்ன சொல்ல வேண்டியிருக்கும்? நான் அதை மனசுக்குள் கேட்டுப் பார்த்தேன். தடுத்தால், கல்யாணப் பெண் ஒருத்திக்கு அவள் கேட்ட சேலை கிடைக்காமல் போகும். விட்டால், ஒரு கடை முழுக்கப் போகலாம். இரண்டையும் சொல்ல எனக்கு மனசில்லை.

"தொறக்கவும் வேணாம், தூக்கிப் போடவும் வேணாம்," என்றேன். "பதில் எழுதுங்கக்கா. படத்தைப் பாக்க முடியல, உங்களுக்கு எப்டி வேணும்னு வாயாலயே சொல்லுங்கன்னு எழுதுங்க."

"சேலையை எப்டிம்மா வாயால சொல்றது?"

"நீங்க சொல்வீங்கல்ல?"

அக்கா யோசித்தார். பிறகு அங்கேயே உட்கார்ந்து, ஒவ்வொரு வாக்கியமாக, மொழிபெயர்க்கும் மிஷினுக்குப் புரிகிற மாதிரி சின்னச் சின்னதாக எழுதினார். உடல் என்ன நிறம். விளிம்பில் என்ன வேண்டும். முந்தானை எப்படி. பிறகு தானாகவே ஒன்று சேர்த்தார்: நீங்கள் உயரமா, குட்டையா?

என் கணக்கு இதுதான். ஏமாற்ற வருகிறவனுக்கு நாம் அந்தப் பெட்டியைத் திறக்க வேண்டும், அவ்வளவுதான். வேறு எதைக் கேட்டாலும் அவனுக்கு அலுப்பு வரும், அல்லது இன்னும் அவசரப்படுத்துவான். சேலை வாங்க வருகிறவள் நிறத்தைப் பற்றிக் கேட்டால் பேச்சை நிறுத்த மாட்டாள். ஆரணியில் பிறந்து வளர்ந்தவளுக்கு இதைத் தெரிந்துகொள்ளப் படிப்பு எதுவும் தேவையில்லை.

மறுநாள் காலை, நதாலியிடமிருந்து பதில் வருவதற்கு முன்னால், தணிகாசலம் அண்ணன் தனியாக வந்தார். வேகமாக வந்திருந்தார்.

"போளூர் மச்சான் மெயிலை புடிச்சி வெச்சிகினு கீறீங்கன்னு கடைக்குத் தகவல் வந்துகீது," என்றார். "பாத்தியா, நான் அன்னிக்கே சொன்னேன். அவன் பொண்ணு நிச்சயதார்த்த ஃபோட்டோ. ஜல்தியா ரிலீஸ் பண்ணும்மா."

நான் திறந்து பார்த்தேன். மச்சானின் பெயர், மச்சானின் முகவரி, எல்லாம் சரி. 'நிச்சயதார்த்த படங்கள் இங்கே' என்று ஒரு லிங்க். அந்த லிங்க் போகிற இடத்தில், படம் பார்ப்பதற்கு முன்னால் உங்கள் மெயில் பாஸ்வேர்டைக் கொடுங்கள் என்று ஒரு பக்கம் காத்திருந்தது.

"அவருக்கு ஒரு ஃபோன் போட்டு, அனுப்பனீங்களான்னு கேட்டுடுங்கண்ணா," என்றேன்.

அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் குரல் இறங்கிவிட்டது. "அதைத்தான் கேக்க முடியாது. நிச்சயதார்த்தத்துல என்னைக் கவனிக்கலைன்னு நான் கோவமா வந்துட்டதா அவன் நெனச்சிகினு கீறான். நான் பஸ்ஸுக்கு நேரமாச்சேன்னுதான் சாப்பிடாம கெளம்புனேன். இப்ப போயி, நீதான் மெயிலு அனுப்பனியான்னு கேட்டா, நம்பலையான்னு கேப்பான். ஃபோட்டோவைப் பாத்துட்டு, நல்லா கீதுன்னு நாலு வார்த்தை எழுதிட்டா சரியாயிடும்னு நெனச்சேன்."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவருக்கு அந்தப் படங்கள் வேண்டியிருந்தது உறவைச் சரி செய்ய. இதை எந்த ஃபில்டரும் எனக்குச் சொல்லியிருக்காது. 'பொறி, திறக்காதீர்கள்' என்று சொல்லி அவரைத் திருப்பி அனுப்பியிருந்தால், வீட்டில் போய் வேறு வழியில் திறந்திருப்பார்.

"நான் பேசட்டுமா?" என்றேன். அவர் நம்பரைக் கொடுத்தார். ஸ்பீக்கரில் போட்டேன். மெயில் பார்க்கிற கம்பெனியிலிருந்து பேசுகிறேன், நிச்சயதார்த்தப் படம் என்று உங்கள் பெயரில் ஒரு மெயில் வந்திருக்கிறது என்று சொன்னேன்.

"ஃபோட்டோவா?" என்றார் மச்சான். "ஃபோட்டோக்காரன் இன்னும் ஒரு ஃபோட்டோவும் குடுக்கலையேம்மா. நானே அவனைத்தான் தேடிகினு கீறேன்."

தணிகாசலம் அண்ணன் ஃபோனையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்சல் வந்திருக்கிறது என்று யாரோ அனுப்பிய லிங்கில் நான்கு நாள் முன்னால் தன் பாஸ்வேர்டைக் கொடுத்ததாக மச்சான் நினைவுக்குக் கொண்டுவந்தார். அங்கிருந்துதான் எல்லாம் ஆரம்பித்திருக்கிறது. அவருடைய கணக்கை அந்த மணி நேரத்திலேயே மீட்டோம். அதற்குள் கலசப்பாக்கத்தில் ஒரு சொந்தக்காரர் படம் பார்க்கும் ஆசையில் தன் பாஸ்வேர்டையும் கொடுத்திருந்தார். அவரையும் ஃபோனில் பிடித்து மாற்ற வைத்தோம். இல்லாவிட்டால் ஒருவர் பின் ஒருவராக அந்தக் குடும்பம் முழுக்கப் போயிருக்கும்.

வேலை முடிந்ததும் நான் ஃபோனை வைக்கப் போனேன். அண்ணன் கையைக் காட்டி நிறுத்தினார்.

"டேய், நான்தான்டா," என்றார்.

"மாமா, நீங்களும் அங்கதான் கீறீங்களா?" என்றது குரல். கொஞ்சம் தயங்கிவிட்டு, "கோவமா மாமா?" என்றது.

"எனக்கு இன்னாடா கோவம்? பஸ்ஸுக்கு நேரமாயிடுச்சு."

"அக்காகூட அதைச் சொல்லவேயில்ல. நான் வாரம் பூரா அதே நெனப்புல கீறேன். அந்த ஃபோட்டோவுக்காவ அங்க வரைக்கும் இன்னாத்துக்குப் போனீங்க?"

"உன் பொண்ணைப் பாக்கத்தான்."

நான் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனேன். அவர்கள் அரை மணி நேரம் பேசினார்கள், எங்கள் அலுவலக ஃபோனில்.

கிளம்பும்போது அண்ணன் படியில் நின்று திரும்பினார். தெரிந்தவர்கள் மெயிலைத் தொடாதே என்று மறுபடி சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். "அந்தத் தீவு பொண்ணு பதில் போட்டாளாம்மா?" என்று கேட்டார்.

பதில் அன்று பிற்பகல் வந்தது. அக்கா கடையிலிருந்து ஃபோன் செய்து, நீயே வா என்றார். போனேன். கடைப் பெண்கள் எல்லோரும் அவரைச் சுற்றி நின்றார்கள். அண்ணனும் கல்லாவை விட்டு எழுந்து வந்திருந்தார். அக்கா படித்தார்.

'கேள்வி கேட்டதற்கு நன்றி. இதுவரை யாரும் என்னைக் கேட்கவில்லை. எல்லோரும் சிவப்பு என்று சொல்கிறார்கள். உடல்: மாம்பழம், ஆனால் இன்றைய மாம்பழம் இல்லை. நாளை பழுக்கும் மாம்பழம். சூரியன் பக்கம் மஞ்சள், இலை பக்கம் பச்சை. விளிம்பு: யானை இல்லை, மயில் இல்லை. என் மாமியார் விலங்குகளை மதிக்கிறார், ஆனால் உடையில் அல்ல. நான் குட்டை. பெரிய பூ வேண்டாம். பெரிய பூவில் நான் தொலைந்து போவேன். பெட்டியைப் பூட்டியதற்கு மன்னிக்கவும். மணமகன் அதே கணினியில் விளையாடுகிறான். அவன் திருமணத்துக்கு முன்னால் உடையைப் பார்க்கக் கூடாது.'

கடை முழுக்கச் சிரித்தது. பூட்டுக்குக் காரணம் கிடைத்துவிட்டது. எங்களுக்குத் திருட்டுத்தனமாகத் தெரிந்தது, அவளுக்கு மாப்பிள்ளையிடமிருந்து காப்பாற்ற வேண்டிய ரகசியம். அவளும் நம்மைப் போல ஒரு பாதுகாப்பு வேலைதான் செய்திருக்கிறாள்.

"இவ திருடி இல்ல," என்றார் கஸ்தூரி அக்கா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "திருடிக்கு இன்னாத்துக்கு மாமியாரு?"

அண்ணன் மெதுவாகச் சொன்னார்: "கிளிப்பச்சைப் பாவுல மஞ்ச ஊடை போட்டா அந்தக் கலரு வரும்." பாவு நீளவாட்டில் ஓடும் இழை, ஊடை குறுக்கே ஓடுவது. இரண்டும் வேறு நிறமாக இருந்தால், சேலை திரும்பும் பக்கமெல்லாம் நிறம் மாறும். அக்கா அவரைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு விளக்கம் எழுத எனக்குத் தெரியாது.

ஆனாலும் அந்தப் பூட்டிய பெட்டியை நாங்கள் திறக்கவே இல்லை. இதையும் கவனித்துக்கொள்ளுங்கள். ஆள் நல்லவள் என்று தெரிந்துவிட்டது என்பதற்காக அவள் அனுப்பிய பூட்டு நல்லதாகிவிடாது. அவள் கம்ப்யூட்டரில் என்ன இருக்கிறது என்று அவளுக்கே தெரியாமல் இருக்கலாம், அங்கே விளையாடுகிறவன் வேறு ஒருவன். முகம் பார்த்துப் பேசிவிடலாம் என்றேன். அன்று சாயங்காலமே வீடியோவில் வந்தாள். சின்ன உருவம், சுருட்டை முடி, பேச்சுக்கு முன்னால் சிரிப்பு. தான் வரைந்த பார்டரை ஒரு தாளில் காட்டினாள், சின்னச் சின்ன நெல்மணி மாதிரி ஒரு வரிசை. அக்கா அதைப் பார்த்துக் கையால் வரைந்துகொண்டார். மறுநாள் தறியில் பாவு ஏறிவிட்டது. நெய்தவர் முனிரத்தினம், அக்காவின் கடைக்கு நெய்கிறவர்களில் கை சுத்தமானவர். கூட இழை சரி செய்து கொடுத்தது அவர் மனைவி.

சேலை குறித்த நாளுக்குள் போய்ச் சேர்ந்தது. கல்யாணத்தை நேரலையில் காட்டுகிறேன், நீங்கள் எல்லோரும் பார்க்க வேண்டும் என்று நதாலி எழுதியிருந்தாள். கடைச் சுவரில் இருந்த பெரிய டிவியில் படம் வரவும், நாங்கள் அவர்களுக்குத் தெரிய ஒரு கேமரா வைக்கவும் அண்ணன் என்னைக் கூப்பிட்டார். போளூரிலிருந்து மச்சானும் வந்திருந்தார், தன் பெண்ணோடும் நிஜமான நிச்சயதார்த்த ஆல்பத்தோடும். முனிரத்தினம் வேட்டி சட்டையில், கல்யாணத்துக்கே வந்தவர் போல, முன் வரிசையில் உட்கார்ந்தார்.

படத்தில் முதலில் தெரிந்தது ஒரு அறை. நதாலி நடுவில் நின்றாள், சுற்றிலும் அவள் அத்தைகள். சேலை அவள் மேல் இருந்தது. வெளிச்சம் பட்ட பக்கம் மஞ்சள், நிழல் பக்கம் பச்சை. முனிரத்தினம் தன் முழங்காலைத் தடவிக்கொண்டே இருந்தார்.

அவர் மனைவிதான் முதலில் கண்டுபிடித்தார். "கொசுவம் நிக்கல," என்றார்.

புதுப் பட்டு விறைப்பாக இருக்கும். அங்கே இருந்த அத்தைகளுக்குப் பழக்கம் இல்லை. மடிப்பெல்லாம் விரிந்து, ஒரு பக்கம் சரிந்துகொண்டிருந்தது. கோயிலில் எல்லோரும் காத்திருக்கிறார்கள் என்று யாரோ அங்கே கதவைத் தட்டுவது கேட்டது.

"ஒரு நிமிஷம் நில்லும்மா," என்று கஸ்தூரி அக்கா டிவிக்கு அருகில் போனார். முனிரத்தினத்தின் மனைவி அலமாரியிலிருந்து ஒரு பட்டுச் சேலையை உருவி, கட்டியிருந்த சேலைக்கு மேலேயே சுற்றிக்கொண்டு, கேமரா முன்னால் நின்றார். ஒரு மடிப்பு எடுத்துக் காட்டுவார். அங்கே அத்தை ஒருத்தி ஒரு மடிப்பு எடுப்பாள். இன்னும் அகலமாக என்று இவர் விரலை விரிப்பார். அவளும் விரிப்பாள். மொழி ஒன்றும் தேவைப்படவில்லை. கடைசி மடிப்பைச் செருகிவிட்டு இரண்டு பெண்களும் ஒரே நேரத்தில் அதைத் தட்டி நீவினார்கள், ஒருத்தி ஆரணியில், ஒருத்தி நடுக்கடலில். மாப்பிள்ளை வந்து வாசலில் நின்றான். எதற்கு வந்தோம் என்பது மறந்துபோய் அப்படியே நின்றான். அவனைப் பின்னாலிருந்து யாரோ தள்ள வேண்டியிருந்தது.

தாலி கட்டியதும் நாங்கள் எழுந்து நின்று அட்சதை போட்டோம், டிவி மேல். அதைப் பெருக்குவதற்குள் கடைப் பெண்கள் பட்ட பாடு தனிக் கதை.

மறுநாள் காலை நான் அலுவலகத்துக்குள் நுழையும்போது ஃபோன் அடித்துக்கொண்டிருந்தது. பெரணமல்லூர் பக்கத்து அரிசி ஆலைக்காரர். புது வாடிக்கையாளர், நேரில் பார்த்ததில்லை. மெயில் தொல்லை தாங்கவில்லை, எதையெல்லாம் தடுக்க முடியுமோ தடுத்துவிடுங்கள் என்றார். வழக்கமாக நாங்கள் அந்த இடத்தில், எதெல்லாம் வேண்டாம் என்று ஒவ்வொன்றாகக் கேட்போம். அன்று நான் அப்படிக் கேட்கவில்லை.

"அதெல்லாம் செஞ்சிடலாங்க," என்றேன். "மொதல்ல ஒண்ணு சொல்லுங்க. நீங்க எந்த மெயிலுக்காகக் காத்துகினு இருக்கீங்க?"

பின்னால் ஆலை ஓடும் சத்தம் குறைந்தது, அவர் ஃபோனோடு வெளியே வந்திருக்க வேண்டும்.

"அதைச் சொல்லணும்னா நேர்ல வரணும்மா," என்றார். "இப்ப பஸ் ஏறட்டுமா?"

"ஏறுங்க," என்றேன்.